குட் ஹேவ்: முடிந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை!

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஆங்கில வாத்தியார் கரும்பலகையில் ஒரு அட்டவணை போடுவார். கேன் - குட். வில் - வுட். ஷால் - ஷுட். மே - மைட். இடப்பக்கம் நிகழ்காலம், வலப்பக்கம் இறந்தகாலம். பையன்கள் எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் ஆகிவிடும், பரீட்சையில் மார்க்கும் விழுந்துவிடும். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று வாத்தியாரும் நினைப்பார், பையனும் நினைப்பான்.

முடியவில்லை. அந்த நான்கு வரி அட்டவணை செய்கிற வேலை பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். கல்லூரி முடித்து, நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் தான் செய்து முடித்த ஒரு காரியத்தைச் செய்யவே இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வருகிற நிலைமை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

குட் என்பது கேனின் இறந்தகாலம் என்பது பொய்யில்லை. கால்வாசி உண்மை. (இந்தக் கட்டுரையில் வருகிற குட் எல்லாம் 'முடியும்' சம்பந்தப்பட்ட குட். குட் மார்னிங்கில் வருகிற குட் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, என்ன செய்ய!)

ஒரு உதாரணம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் மின்னஞ்சலில் கேட்கிறார், சரக்கு கிளம்பியதா இல்லையா என்று. புதிதாகச் சேர்ந்த பையன் கிடங்குக்குப் போன் போடுகிறான். "திங்கட்கிழமையே அனுப்பியிருக்கலாம் தம்பி, பார்த்துச் சொல்றேன்" என்கிறார் கிடங்குக்காரர். அனேகமாக அனுப்பியாகிவிட்டது என்று அர்த்தம். பையன் அப்படியே ஆங்கிலமாக்குகிறான். வி குட் ஹேவ் சென்ட் இட் ஆன் மண்டே. படிக்கிற வெள்ளைக்காரருக்கு என்ன புரியும்? "திங்கட்கிழமை அனுப்ப எங்களால் முடிந்திருக்கும், ஆனால் அனுப்பவில்லை." அனுப்பாததை ஒப்புக்கொண்டது மட்டுமில்லை, அனுப்ப வழி இருந்தும் சும்மா இருந்தோம் என்று கூடுதலாக ஒரு வாக்குமூலம் வேறு! சரக்கு அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறிக்கொண்டிருக்கும்.

இதில் பையன் மேல் தப்புச் சொல்ல முடியாது. 'லாம்' என்று முடிகிற தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் எது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவனிடம் இருந்தது அந்த அட்டவணை மட்டும்தான்.

சரி, குட் ஹேவ் எப்படி வேலை செய்கிறது?

ஆங்கிலத்தில் குட் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை. சின்ன வயதில் அவளுக்கு மரம் ஏற முடியும் என்று பழைய காலத்துத் திறமையைச் சொல்ல குட். கதவைச் சாத்த முடியுமா என்று மரியாதையாகக் கேட்க குட். நாளைக்கு மழை வரலாம் என்று சொல்ல குட். பணம் இருந்தால் இப்போதே வாங்க முடியும் என்கிற மாதிரி இன்றைய கற்பனைக்கும் குட். கடைசி மூன்றிலும் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. ஆக, நடக்காத ஒன்றைப் பற்றி, அதுவும் போன வாரம் நடக்காத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், இறந்தகாலத்தைச் சுமக்க வேறு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள்தான் ஹேவ். குட் கற்பனையைப் பார்த்துக்கொள்ளும், ஹேவும் அதன் பின்னால் வரும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து இறந்தகாலத்தைப் பார்த்துக்கொள்ளும். குட் ஹேவ் டன். குட் ஹேவ் கான். குட் ஹேவ் ரிட்டன்.

இதைத்தான் நம் ஊரில் "மோடல் கூட்டல் ஹேவ் கூட்டல் வி3" என்று ஒரு சூத்திரமாக எழுதிப் போட்டு, கணக்குப் பாடம் மாதிரி நடத்துகிறார்கள். சூத்திரம் சரிதான். ஆனால் அது எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது. இவ்வளவுக்கும் அந்தப் பதில் ஒவ்வொரு தமிழ்ப் பையனின் வாயிலும் மூன்று வயதிலிருந்தே இருக்கிறது!

எப்படி என்று பாருங்கள். செய்திருக்க முடியும். இதை உடைத்தால் செய்து, இருக்க, முடியும். ஆங்கிலத்தை உடைத்தால் குட், ஹேவ், டன். இப்போது ஆங்கிலத்தைப் பின்னாலிருந்து படியுங்கள். டன் - செய்து. ஹேவ் - இருக்க. குட் - முடியும். கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது. தமிழிலும் 'முடியும்' அசையாமல் நிற்கிறது. இறந்தகாலத்தைச் 'செய்து இருக்க' என்பதுதான் சுமக்கிறது. செய்திருக்க முடிந்தது என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. சொன்னால் பாட்டி சிரிப்பாள். அதே காரணத்துக்காகத்தான் ஆங்கிலத்திலும் குட் அப்படியே நிற்கிறது, வேலை ஹேவுக்குப் போகிறது. போயிருக்க முடியும், எழுதியிருக்க முடியும், ஜெயித்திருக்க முடியும் என்று எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், பொருந்தும். இரண்டு மொழிக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் இந்த ஒரு இடத்தில் இரண்டும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. கரும்பலகையில் இரண்டு வரி எழுதினால் முடிகிற வேலை. ஏன் எழுதுவதில்லை? ஆங்கில வகுப்பில் தமிழ் வரக்கூடாதாம். தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிக்கூடங்கள் வேறு இருக்கின்றன. பையனுக்குத் தெரிந்த ஒன்றைத் தொட்டுக்காட்டித் தெரியாததைச் சொல்லித் தருவது குற்றம் என்றால் அந்த அபராதத்தை யாரிடம் வாங்க வேண்டும் என்று தெரியவில்லை.

அடுத்ததுதான் முக்கியமான இடம். ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது தமிழில் இரண்டாக இருக்கிறது.

நண்பன் கல்யாணத்துக்கு ஒருவன் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். "வந்திருக்க முடியும், ஆனா வரல." இது ஒன்று. "பஸ் கிடைச்சிருந்தா வர முடிஞ்சிருக்கும்." இது இன்னொன்று. முதலாவதில் முடியும் என்பது உண்மை, வருவதுதான் நடக்கவில்லை. கையில் லீவும் இருந்தது, காசும் இருந்தது, மனசுதான் இல்லை. இரண்டாவதில் முடிவது என்பதே கற்பனை. பஸ் இல்லை, அதனால் வழியே இல்லை. நண்பனுக்கு இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் பதிலைக் கேட்டவன் அடுத்த ஒரு வருடம் பேச மாட்டான். இரண்டாவது பதிலைக் கேட்டவன் "பரவால்லடா" என்பான்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஐ குட் ஹேவ் கம் என்றே சொல்லலாம். வித்தியாசம் பக்கத்தில் வருகிற இஃப் என்பதில்தான் இருக்கிறது. இஃப் போட்டால் முடிவதே கற்பனை. இஃப் போடாமல் மொட்டையாகச் சொன்னால், வாய்ப்பு இருந்தது, பயன்படுத்தவில்லை என்பதுதான் கேட்பவர் காதில் முதலில் விழும். மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது சரியாக இங்கேதான். "உங்கள் கூட்டத்துக்கு வர முடிந்திருக்கும், ரயில் தாமதமாகிவிட்டது" என்பதை அவசரத்தில் ஐ குட் ஹேவ் கம் என்று முதல் வாக்கியமாக எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். படிக்கிறவர் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் கோபம் வந்துவிடுகிறது. குழப்பமே வேண்டாம் என்றால் வுட் ஹேவ் பீன் ஏபிள் டு என்று நீட்டி எழுதலாம். அது 'வர முடிந்திருக்கும்' என்பதற்கு நேர் மொழிபெயர்ப்பு. நீளம்தான், ஆனால் நட்பு மிஞ்சும்.

இதெல்லாம் வெறும் இலக்கணச் சமாச்சாரம், உயிர் போகிற விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கப்பல் கதை. டைட்டானிக் இல்லை, அதன் பக்கத்தில் நின்ற கப்பல்.

1912 ஏப்ரல் 14 இரவு. கலிஃபோர்னியன் என்ற சரக்குக் கப்பல் அட்லாண்டிக்கில் பனிக்கட்டிகளுக்கு நடுவே என்ஜினை நிறுத்திவிட்டு நின்றது. மணி சுமார் 10.20. கேப்டன் பெயர் ஸ்டான்லி லார்ட். 11 மணி வாக்கில் அதன் கம்பியில்லாத் தந்தி ஆபரேட்டர், பனிக்கட்டியால் நின்றுவிட்டோம் என்று டைட்டானிக்குக்குச் செய்தி அனுப்பப் பார்த்தார். டைட்டானிக்காரர் தன் வேலையில் மும்முரமாக இருந்தவர், குறுக்கே பேசாதே என்கிற ரீதியில் வெட்டிவிட்டார். இவர் கொஞ்ச நேரம் கழித்து மெஷினை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். 11.40க்கு டைட்டானிக் பனிமலையில் மோதியது. நள்ளிரவுக்குப் பிறகு கலிஃபோர்னியனின் மேல்தளத்தில் காவலுக்கு நின்ற அதிகாரி தூரத்தில் வெள்ளை ராக்கெட்டுகள் வெடிப்பதைப் பார்த்தார். ஒன்றில்லை, எட்டு. கேப்டனுக்குச் சொன்னார். படுத்திருந்த கேப்டன் என்ன நிறம் என்று கேட்டார், விளக்கால் சைகை காட்டிப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான். தந்தி ஆபரேட்டரை யாரும் எழுப்பவில்லை. கப்பலும் நகரவில்லை. 2.20க்கு டைட்டானிக் மூழ்கியது. இறந்தவர்கள் சுமார் 1,500 பேர்.

அந்த வருடம் ஜூலை 30 அன்று மெர்ஸி பிரபுவின் விசாரணை அறிக்கை பிரிட்டனில் வெளியானது. அதில் கலிஃபோர்னியனைப் பற்றி வருகிற முடிவு இரண்டே வாக்கியம்தான். முதல் வாக்கியத்தில் அவர் போட்ட வினை, குட் ஹேவ். ராக்கெட்டைப் பார்த்ததும் பெரிய ஆபத்து இல்லாமல் பனிக்கட்டியைத் தாண்டி அந்தக் கப்பல் உதவிக்குப் போயிருக்க முடியும் என்பது சாராம்சம். இரண்டாவது வாக்கியத்தில் வினை மாறுகிறது, மைட் ஹேவ். அப்படிப் போயிருந்தால் போன உயிர்களில் பலவற்றை, ஏன் எல்லாவற்றையுமே கூடக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

ஒரு நீதிபதி வார்த்தையை எடைபோட்டு எழுதுவதைப் பாருங்கள். போகிற திறன் இருந்தது, அதில் அவருக்குச் சந்தேகமில்லை, அதனால் குட். போனால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் உறுதியில்லை, அதனால் மைட். தமிழிலும் 'முடியும்' ஒரு இடத்தில், 'கூடும்' ஒரு இடத்தில். இரண்டு இடத்திலும் மைட் போட்டிருந்தால் கேப்டன் லார்டின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். அவர் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் அந்த ஒரு குட் ஹேவ் போதுமானதாக இருந்தது. கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பியது. வேறு கம்பெனியில் சேர்ந்து பல வருடம் கப்பல் ஓட்டினார் என்றாலும் பெயர் மீளவில்லை. 1958ல் டைட்டானிக் பற்றி ஒரு சினிமா வந்து பழைய கதையை மறுபடி கிளறியது. வயதான காலத்தில் மனு எழுதிக்கொண்டு அலைந்தார். 1962ல் இறந்துபோனார்.

கதை அங்கே முடியவில்லை. 1985ல் கடலடியில் டைட்டானிக்கின் உடைந்த பாகங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அன்று டைட்டானிக் தந்தியில் சொன்ன இடத்திலிருந்து அது பல மைல் தள்ளிக் கிடந்தது. கணக்கு முழுக்க மாறிவிட்டது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு மறுபடி ஆராய்ந்து 1992ல் அறிக்கை கொடுத்தது. இரண்டு கப்பலுக்கும் நடுவே தூரம் 17லிருந்து 20 மைல் வரை இருக்கலாம் என்றது. ராக்கெட்டைப் பார்த்தது உண்மை, சரியான நடவடிக்கை எடுக்காததும் உண்மை என்றது. ஆனால் எடுத்திருந்தாலும் கலிஃபோர்னியன் போய்ச் சேர்வதற்குள் டைட்டானிக் மூழ்கியிருக்கும், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எதைச் செய்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றது.

அதாவது 80 வருடம் கழித்து குட் ஹேவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குட் நாட் ஹேவ் போட்டார்கள். ஆனால் ஷுட் ஹேவ் அப்படியே இருந்தது. காப்பாற்றியிருக்க முடியாது, இருந்தாலும் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் ஒரு மனிதனின் 50 வருடச் சோகம். இரண்டும் வேறு வேறு கேள்வி. முடியுமா என்பது தூரமும் வேகமும் சம்பந்தப்பட்டது. கணக்குப் போட்டால் பதில் வரும். வேண்டுமா என்பது கடமை. எட்டு ராக்கெட்டைப் பார்த்த பிறகு தந்தி ஆபரேட்டரை எழுப்பாததற்கு எந்தக் கணக்கும் பதில் சொல்லாது.

(கார்பேத்தியா என்ற இன்னொரு கப்பல் 50 மைலுக்கும் அப்பாலிருந்து பனிக்கட்டிகளுக்கு நடுவே இருட்டில் ஓடி வந்து, விடியற்காலை 4 மணிக்குச் சேர்ந்து, படகுகளில் இருந்த 700க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. இதை ஆங்கிலத்தில் சொல்லும்போதும் ஒரு குழி இருக்கிறது. "கார்பேத்தியாவால் அவர்களைக் காப்பாற்ற முடிந்தது" என்பதைத் தமிழ்ப் பையன் குட் சேவ் என்று எழுதுவான். அட்டவணைப்படி சரி! ஆனால் ஒரு தடவை நடந்து முடிந்த வெற்றிக்கு ஆங்கிலக்காரர்கள் குட் போடுவதில்லை, வாஸ் ஏபிள் டு அல்லது மேனேஜ்டு டு போடுவார்கள். குட் போட்டால் நடந்ததா இல்லையா என்று தொங்கிக்கொண்டு நிற்கும். நேர்முகத் தேர்வில் "ஐ குட் கம்ப்ளீட் த ப்ராஜெக்ட்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும். நீங்கள் முடித்த ப்ராஜெக்டை முடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகத்தான் எதிராளிக்குக் கேட்கிறது. குட் நாட் என்று எதிர்மறையில் சொல்லும்போது மட்டும் இந்தத் தொல்லை இல்லை.)

கப்பல் வேண்டாம் என்றால் பி.காம். பாடத்துக்கே வரலாம். தணிக்கை படித்த எல்லோருக்கும் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு தெரியும், 1896. காவல் நாய், மோப்ப நாய் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய வழக்குதான். மில் மேனேஜர் வருடக்கணக்கில் கையிருப்புச் சரக்கின் மதிப்பை ஏற்றிக் காட்டினார். தணிக்கையாளர்கள் மேனேஜர் கொடுத்த சான்றிதழை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். வருட ஆரம்பத்துச் சரக்கையும் வாங்கியதையும் விற்றதையும் வைத்து ஒரு கூட்டல் கழித்தல் போட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். கண்டுபிடித்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். சந்தேகப்பட எதுவும் இல்லாதபோது நம்பிக்கையான ஊழியரின் பேச்சை நம்புவது தப்பில்லை என்று அவர்களை விட்டுவிட்டது. குட் ஹேவ் இருந்தது, ஷுட் ஹேவ் இல்லை. அதனால் பொறுப்பும் இல்லை.

பிற்பாடு 1938ல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் மோசடி வெளியே வந்தது. கணக்கில் இருந்த சரக்கில் ஒரு பகுதி எந்தக் கிடங்கிலும் இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே தணிக்கையாளர் சரக்கு எண்ணும் இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். இன்று இந்தியாவிலும் சரக்கின் மதிப்பு கணிசமாக இருந்தால் தணிக்கையாளர் எண்ணிக்கையின்போது நேரில் இருக்க வேண்டும் என்று தணிக்கைத் தரம் சொல்கிறது. ஒரு காலத்தில் 'செய்திருக்க முடியும்' என்று இருந்தது 'செய்திருக்க வேண்டும்' ஆகிவிட்டது. தணிக்கை என்ற தொழிலின் நூறு வருட வரலாற்றை இந்த இரண்டு வினைச்சொல்லுக்கு நடுவில் எழுதிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் தணிக்கை வகுப்பில் யாரும் இலக்கணம் பேசுவதில்லை, ஆங்கில வகுப்பில் யாரும் வழக்கு பேசுவதில்லை.

இப்போது மறுபடி அந்தத் திருப்பூர்ப் பையனிடம் வருவோம். அவனை மாட்டிவிட்டது 'அனுப்பியிருக்கலாம்' என்ற ஒற்றைச் சொல். தமிழில் இந்த 'இருக்கலாம்' மாதிரி ஒரு குசும்பான விகுதி இல்லை. "அவன் ஊருக்குப் போயிருக்கலாம்" என்றால் அனேகமாகப் போயிருப்பான். "இன்னும் பத்து ரன் அடிச்சிருக்கலாம்" என்றால் வாய்ப்பு இருந்தது, அடிக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றால் ஏன் சொல்லவில்லை என்று கோபம். மூன்றும் ஒரே வடிவம். எது எது என்று நமக்குக் குழப்பமே வருவதில்லை, குரலே சொல்லிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்திலும் குட் ஹேவ் இந்த மூன்று வேலையையும் செய்யும். திருட்டு நடந்த வீட்டில் போலீஸ்காரர் வேலைக்காரனைக் காட்டி "ஹி குட் ஹேவ் டேக்கன் இட்" என்றால், எடுத்திருக்கலாம் என்று சந்தேகம். எடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. "யூ குட் ஹேவ் டோல்டு மீ" என்று மனைவி சொன்னால் இலக்கணம் யோசிக்காமல் மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் மின்னஞ்சலுக்குக் குரல் கிடையாது. பேச்சில் தப்பிக்கிற இருபொருள் எழுத்தில் மாட்டிக்கொள்கிறது. அதனால் எழுதும்போது ஒரு வேலை செய்தால் போதும். மனசில் வருகிற 'இருக்கலாம்' என்பதை முதலில் தமிழிலேயே மாற்றிப் பார்க்க வேண்டும். 'இருக்கக்கூடும்' என்று மாற்றினால் பொருள் கெடவில்லையா? அப்படியானால் மே ஹேவ் அல்லது மைட் ஹேவ். 'இருக்க முடியும்' என்று மாற்றினால் பொருந்துகிறதா? குட் ஹேவ். கிடங்குக்காரர் சொன்னதற்கு முதலாவதுதான் பொருந்தும். வி மே ஹேவ் சென்ட் இட் ஆல்ரெடி என்று போயிருந்தால் எந்தச் சண்டையும் இல்லை. தமிழ் தெரிந்தவனுக்கு இது அரை நிமிட வேலை.

ஆங்கிலக்காரர்கள் மட்டும் இதில் புலி என்று நினைக்க வேண்டாம். குட் ஹேவ் என்பதைச் சுருக்கிக் குட்'வ் என்று பேசிப் பேசி, எழுதும்போது குட் ஆஃப் என்று எழுதுகிற கூட்டம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளம். நமக்கு அந்த வியாதி இல்லை. நம் வியாதி வேறு, குட் ஏபிள் டு. ஐ குட் நாட் ஏபிள் டு கம். 'முடிய' என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டு வினைச்சொல்லே இல்லாமல் நிற்கிற வாக்கியம். குட் நாட் கம் அல்லது வாஸ் நாட் ஏபிள் டு கம், ஏதாவது ஒன்று போதும், இரண்டையும் கட்டிப்போட வேண்டாம்.

போகிற போக்கில் இன்னொன்று. கேன் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அறிவது, தெரிவது என்றுதான் பொருள். 'முடிவது' என்ற அர்த்தம் பிறகு வந்தது. "எனக்கு நீந்தத் தெரியும்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அது. குட் என்பதை எழுதும்போது நடுவில் ஒரு எல் சும்மா நிற்கிறதே, அது அந்தக் காலத்தில் கிடையாது. வுட், ஷுட் இரண்டிலும் நியாயமாக ஒரு எல் இருக்கிறது, வில்லிலும் ஷாலிலும் இருப்பதால். அவற்றைப் பார்த்துப் பின்னாளில் குட்டுக்கும் ஒன்றைச் சொருகிவிட்டார்கள். நான்கு வரி அட்டவணையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நம் பையன்கள் மட்டுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடம் நடத்துவதில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டால் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, அடைப்புக்குள் குட், குட் ஹேவ் என்று கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற கேள்வியை விட்டாலே பாதி சரியாகும். அந்தக் கேள்விக்குப் பையன் வாக்கியத்தின் கடைசியில் எஸ்டர்டே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடை எழுதுகிறான். அதற்குப் பதில் நடந்ததா, நடக்கவில்லையா, தெரியவில்லையா என்று கேட்க வேண்டும். வாக்கியத்தைக் கொடுத்து, சரக்கு இப்போது கிடங்கில் இருக்கிறதா கப்பலில் இருக்கிறதா என்று கேட்கிற கேள்வித்தாள் ஒன்று வந்தால் தேவலை.

உண்மையில் இந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறவர்கள் கணக்குப்பதிவியல் ஆசிரியர்கள்தான், அவர்களுக்கே தெரியாமல். இலாப இழப்புக் காப்பீடு என்று ஒரு பாடம் வரும். கடை தீப்பிடித்து மூன்று மாதம் வியாபாரம் படுத்துவிட்டது. எரிந்துபோன சரக்குக்குத் தனிக் காப்பீடு. இது வராமல் போன இலாபத்துக்கு. கணக்கு எப்படிப் போடுவார்கள்? போன வருடம் அதே மூன்று மாதத்தில் விற்பனை 10 லட்சம். இந்த வருடம் வியாபாரம் 20 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. ஆக, தீப்பிடிக்காமல் இருந்திருந்தால் 12 லட்சத்துக்கு விற்றிருக்க முடியும். உண்மையில் விற்றது 4 லட்சம். குறைந்தது 8 லட்சம். மொத்த இலாப விகிதம் 25 சதவீதம் என்றால் கிடைக்க வேண்டியது 2 லட்சம். (பாலிசித் தொகை, மிச்சமான செலவு என்று இன்னும் கழித்தல்கள் உண்டு, பரீட்சைக்குப் படிப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டாம்.)

அந்த 12 லட்சம் எந்தக் கல்லாவிலும் விழவில்லை, எந்தப் பில்லிலும் இல்லை. இருந்தாலும் காப்பீட்டுக் கம்பெனி அதை நம்பிக் காசோலை எழுதுகிறது. இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டு முடிக்கிற மாணவர்களிடம், அடுத்த பீரியடில் அந்த 12 லட்சத்தை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் வி குட் செல் என்பார்கள், மீதிப் பேர் வி குட் ஏபிள் டு செல் என்பார்கள். ஆங்கில ஆசிரியர் அன்றைக்கு ஒரு நாள் கணக்கு ஆசிரியரிடம் அந்தப் பலகையை அழிக்காமல் விட்டுப் போகச் சொல்லலாம்.